இடக்கரடக்கலும் உடற்றொழிலியலும்: ஆண் இனப்பெருக்கத் தெறிவினைகள் பற்றிய தமிழ் உரைநடை – ஒரு நோக்கு

ஒரு மொழியின் உரைநடை வளர்ச்சியை, அது எவற்றை எளிதிற் கூறவல்லது என்பதைக்கொண்டு மட்டும் அளவிடுதல் பொருந்தாது. எவற்றைக் கூற நேரும்போது அது நாத்தடுமாறுகின்றது, எவ்விடத்தில் வாய்மூடி அப்பாற் செல்கின்றது என்பனவும் கருத்திற் கொள்ளப்படல் வேண்டும். தமிழிலே மேனாட்டு மருத்துவம் எழுதப்படத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. இதயத்தின் அறைகளையும், சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும், கண்ணின் வில்லையையும் ஐயத்துக்கிடமின்றி விளக்கக் கற்றுக்கொண்ட எமது உரைநடை, ஆணின் இனப்பெருக்க உறுப்புகள் தொழிற்படுமாற்றை, சிறப்பாக அவற்றின் தசைகள் நிகழ்த்தும் தெறிவினைகளை, எழுத முற்படும்போது இன்றும் தடுமாறுகின்றது. அத்தடுமாற்றத்தின் இயல்பு யாது, அது எங்கிருந்து வந்தது, அதனால் விளையுங் கேடு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவனொருவனுக்கு மருத்துவர் வயலிலே என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். தமிழ்ச் சங்க மலரில் எழுதத் தக்க பொருளோ இது என்று முகஞ் சுளிப்போரும் இருக்கலாம். முதலாவது வினாவுக்கு விடை எளிது. தசையையும் நரம்பையும் ஆராய்வது மருத்துவரின் பணி. அவற்றைப் பற்றி எழுதப்படும் வாக்கியத்தை ஆராய்வது மொழி கற்போரின் பணி. இரண்டாவது வினாவுக்குரிய விடையைத் தர இக்கட்டுரை முழுவதும் வேண்டும்.

முன்னோடியும் பின்வந்தோரும்

இத்துறையில் எம்மவர்க்கு முன்னோடி இல்லையென்று கூறுவதற்கில்லை. அமெரிக்க மிசன் மருத்துவரான சமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலிருந்து பணியாற்றி, 1873இல் தாயகந் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் மருத்துவக் கல்வியைத் தமிழ்வழி நடாத்தியதோடு, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெருமுயற்சியிலும் அவர் ஈடுபட்டார். 'மனுஷ அங்காதிபாதம்', 'மனுஷ சுகரணம்' முதலியன அம்முயற்சியின் பேறுகள். உடலின் அமைப்பையும் தொழிலையும் முழுமையாகச் சொல்லவேண்டுமென்பதே அவர் மேற்கொண்ட நெறி. வாக்கியம் கரடுமுரடாயினும், மாணாக்கன் கற்கவேண்டிய உறுப்பு எதுவாயினும் அதற்கொரு சொல் வேண்டுமென்று அவரும் அவர்தம் மாணாக்கரும் உழைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, சுயமொழிக் கல்வியின் விளைவாகக் கலைச்சொற்றொகுதிகள் இந்நாட்டில் உருவாயின. விதை, விதைப்பை, விதைமேற்றிணிவு, அப்பாற்செலுத்தி, சுக்கிலப் புடகம், முண்ணாண், பரிவு நரம்பு, தெறிவினை என்றெல்லாம் சொற்கள் வந்தன. இவற்றுட் பல நல்ல சொற்கள். ஆகவே எமது குறை சொற்பஞ்சமன்று. சொற்கள் இருந்தும் அவற்றை இணைத்து உயிருள்ள வாக்கியமாக்கும் துணிவு பிறக்கவில்லை என்பதே குறை.

இத்துணிவின்மையை விளக்க எமது இலக்கண மரபே ஒரு கருவியைத் தருகின்றது. தகுதிவழக்கை நன்னூலார் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவர். அவையிற் கூறத்தகாததைப் பிறிதொரு சொல்லால் மறைத்தல் இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாக மாற்றிக் கூறல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்குவது குழூஉக்குறி. ஆண் இனப்பெருக்க உடற்றொழிலியல் பற்றி இன்று தமிழில் வழங்கும் எழுத்தும் பேச்சும் ஏறத்தாழ முழுமையாக இம்மூன்றினுள் அடங்கிவிடுகின்றன. வீடும் வகுப்பறையும் 'மறைவிடம்', 'கீழ்ப்பக்கம்' என இடக்கரடக்குகின்றன. லேகிய விளம்பரங்கள் 'வாலிப சக்தி', 'தாதுபுஷ்டி' என மங்கலம் பாடுகின்றன. கலைச்சொற்றொகுதிகள் 'விதைமேற்றிணிவு' என்று பரீட்சை எழுதுவோருக்கு மட்டும் விளங்கும் குழூஉக்குறியிற் பேசுகின்றன. இம்மூன்றுக்கும் புறம்பே, இயல்பு வழக்கென்று சொல்லத்தக்க நேரிய, நாகரிகமான, யாவர்க்கும் விளங்கும் உரைநடை இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே கிடக்கின்றது.

ஒரு தசை, ஒரு தெறிவினை

வெறுமையின் பொருளை உணர ஓர் எடுத்துக்காட்டை விரிவாக நோக்குவோம். வயிற்றுச் சுவரின் உட்சரிவுத் தசையிலிருந்து மெல்லிய நார்கள் சில இறங்கி, விந்து நாணைச் சூழ்ந்து, விதையைத் தாங்குகின்றன. மேனாட்டார் இதனைக் கிரெமாஸ்ரர் தசை என்பர். தொங்கவிடுவது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தொடையின் உட்புற மேற்பகுதியை மெதுவாக வருடினால், அப்பக்கத்து விதை மேலெழும். தோலிலுள்ள வாங்கிகளிலிருந்து புறப்படும் கணத்தாக்கம் முண்ணாணின் நாரிப்பகுதியில் 1ஆம், 2ஆம் துண்டங்களை அடைந்து, அங்கிருந்தே இயக்க நரம்பின் வழியாகத் தசைக்குத் திரும்புகின்றது. மூளையின் அனுமதி இதற்கு வேண்டப்படுவதில்லை.

இதனையொத்த இன்னொரு தசை விதைப்பையின் தோலுக்கு உட்புறமாகப் படர்ந்துள்ளது. டாட்டோஸ் எனப்படும் அது மழமழப்பான தசையாலானது, பரிவு நரம்புகளின் ஆட்சிக்குட்பட்டது. குளிர் பட்டதும் அது சுருங்க, விதைப்பையின் தோல் திரைந்து சிறுக்கின்றது. வெப்பத்தில் தளர்ந்து விரிகின்றது. விந்துக் கலங்கள் செவ்வனே உருவாவதற்கு உடலின் உள்வெப்பநிலையிலும் 2 முதல் 4 பாகை செல்சியசு வரை குறைந்த வெப்பநிலை வேண்டியிருப்பதால், இவ்வேற்ற இறக்கம் உடலின் நுண்ணிய ஏற்பாடுகளுள் ஒன்றாகும்.

இனி இதனை எம்மவர் எழுதும் முறையைப் பார்ப்போம். பின்வருவன எந்தவொரு நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல. வகைமாதிரிக்காக யானே அமைத்தவை. 'குளிரின்போது விதைகள் உயர்த்தப்படுகின்றன.' 'விதைப்பை சுருக்கப்படுகின்றது.' உயர்த்துவது யார்? சுருக்குவது யார்? ஆங்கிலச் செயப்பாட்டு வினையின் நிழலாக வந்த இந்தப் 'படுகின்றன', கண்ணுக்குத் தெரியாத ஒரு கருத்தாவை உடலுக்குள் நுழைத்துவிடுகின்றது. தமிழிலோ தன்வினையும் பிறவினையும் சொல்லின் உருவிலேயே வேறுபட்டு நிற்கின்றன. சுருங்கு, சுருக்கு, தளர், தளர்த்து, எழு, எழுப்பு. 'குளிர் பட்டதும் தோல் சுருங்குகின்றது' என்னும்போது அங்கே கட்டளையிடுவோர் எவருமில்லை என்பது வாக்கியத்திலேயே வெளிப்படையாகிறது. அவ்வாறே, 'எனக்குக் கொட்டாவி வருகின்றது', 'எனக்கு விக்கல் எடுக்கின்றது', 'எனக்கு உடம்பு சிலிர்க்கின்றது' என நான்காம் வேற்றுமையால், தன்னைச் செய்பவனாகவன்றி நிகழ்ச்சியின் இடமாகக் காட்டும் வழக்கும் எமக்குண்டு. 'நான் கொட்டாவியை ஏற்படுத்தினேன்' என்று எவரும் கூறார். தெறிவினையை எழுதுவதற்கென்றே அமைந்தாற்போன்ற இலக்கணம் எமது பேச்சிலேயே உள்ளது. அதனைப் பயன்படுத்தாது விடுவது மொழியின் குறையன்று, எழுதுவோரின் குறை.

ஓர் அனுபவம்

வாக்கியத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாடலன்று என்பதை உணர்த்த, யான் நேரிற் கண்ட ஒன்றை ஈண்டுக் கூறல் வேண்டும்.

யான் பாடசாலை விடுதியொன்றில் தங்கிப் பத்தாந் தரத்திற் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், அடுத்த கட்டிலிற் படுத்திருந்த நண்பனொருவன் ஓரிரவு வலியால் துடித்தெழுந்தான். "என்னடா செய்யுது?" என்று கேட்டோம். "வயித்துக்குத்து" என்றான். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். விடுதிப் பொறுப்பாளர் வந்தார். அவரிடமும் வயிற்றுக்குத்து என்றே சொன்னான். இருமுறை சத்தியெடுத்தான். விடிந்தபின்னும் வயிற்றுவலிக்குரிய குளிசையே கிடைத்தது. மறுநாட் பிற்பகல் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபோதே உண்மை வெளிப்பட்டது. விந்து நாண் முறுகி, ஒரு விதைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டிருந்தது. அதனை அகற்றுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

இந்நோயில் காலமே யாவும். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தினுள் முறுக்கு நீக்கப்படுமாயின் விதை பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் வாய்ப்பு விரைந்து குறைகின்றது. வைத்தியர் நோயைக் கணிக்கும் குறிகளுள் ஒன்று, மேலே கூறிய கிரெமாஸ்ரர் தெறிவினையேயாகும். முறுகிய பக்கத்திலே தொடையை வருடினும் விதை பெரும்பாலும் எழுவதில்லை. அது எழுந்தாலும் ஐயம் முற்றாக நீங்கிவிடாது என்பதால் வைத்தியர் பிற குறிகளையும் நோக்குவர்.

பின்னொருநாள் அவனிடம், "ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "எப்பிடிச் சொல்லுறது? என்னெண்டு சொல்லுறது?" என்றான் அவன். எங்கள் கூட்டத்தின் குழூஉக்குறிகள் அவனிடம் இருந்தன. அவற்றைப் பொறுப்பாளரிடம் கூற முடியாது. பாடநூலின் சொற்களும் இருந்தன. இனப்பெருக்கத் தொகுதி பற்றிய அலகை வீட்டில் வாசித்துக்கொள்ளுமாறு கூறி ஆசிரியர் அடுத்த அலகுக்குச் சென்றுவிட்டமையால், அவை வாயாற் சொல்லிப் பழகப்படாத சொற்களாயிருந்தன. 'விதை' என்னும் ஒரு சொல்லை ஒரு பெரியவரிடம் வெட்கமின்றிச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இருந்திருந்தால், அந்த இரவு வேறுவிதமாகக் கழிந்திருக்கக் கூடும். இடக்கரடக்கல் அவையின் நாகரிகத்தைக் காக்கத் தோன்றியது. அது நோயாளியின் வாயையும் அடைக்குமாயின் நாகரிகம் எனப்படாது.

இச்சை என்னும் சொல்

இனிக் கலைச்சொல்லின் பொருட்சிக்கல் ஒன்றை நோக்குவோம். தமிழகத்தார் அனிச்சைச் செயல் என வழங்குவதை எம்மவர் தெறிவினை என்பர். பட்டதும் தெறித்துத் திரும்புதல் என்னும் பொருளில் 'தெறிவினை' அதன் பாதையைச் சுட்டுகின்றது. இச்சையின்றி நிகழ்வது என்னும் பொருளில் 'அனிச்சை' அதற்கும் மனத்துக்கும் உள்ள உறவைச் சுட்டுகின்றது. கை சுடுபொருளிற் பட்டு விலகும்போது இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் இனப்பெருக்க உறுப்புகளுக்கு வரும்போது இரண்டாவது சொல் தள்ளாடுகின்றது. ஏனெனில் தமிழில் இச்சை என்பது விருப்பம், சித்தவுறுதி ஆகிய இரண்டையும் குறிக்கும். ஆணின் விறைப்பு தொடுகையால் திருவெலும்புப் பகுதியின் 2 முதல் 4 வரையான துண்டங்களின் வழியே தெறிவினையாகவும் நிகழலாம். நினைவாலும் காட்சியாலும் மூளையிலிருந்தும் தூண்டப்படலாம். பின்னையதில் விருப்பம் உண்டு. ஆயினும் கட்டளை இல்லை. எவரும் கையை உயர்த்துவதுபோல அதனை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. 'இச்சை' என்னும் ஒரே சொல்லால் விருப்பத்தையும் கட்டளையையும் சுட்டும் உரைநடை, விரும்பியவன் கட்டளையிட்டான் என்றும், நிகழ்ந்தது எதுவாயினும் விரும்பியே நிகழ்ந்தது என்றும் எண்ணும்படி வாசகனைத் தூண்டுகின்றது.

பாடநூல்களின் வசதியான பாகுபாடும் இங்கேயே உடைகின்றது. வரித்தசை இச்சைவழியது, மழமழப்பான தசை இச்சையின்றி இயங்குவது என்று படித்தோம். கிரெமாஸ்ரர் வரித்தசை, ஆயினும் பெரும்பாலும் எமது சொற்கேட்பதில்லை. சுக்கிலம் வெளியேறுவதை நோக்கின் இது மேலுந் தெளிவாகும். முதற்கட்டத்தில் அப்பாற்செலுத்தி, சுக்கிலப் புடகம், முன்னிற்குஞ் சுரப்பி ஆகியவற்றின் மழமழப்பான தசைகள் பரிவு நரம்பின் ஏவலாற் சுருங்கிச் சுக்கிலத்தைச் சிறுநீர்வழியிற் சேர்க்கின்றன. சிறுநீர்ப்பையின் கழுத்து மூடிக்கொள்கின்றது. அடுத்த கட்டத்தில் ஆண்குறியின் அடியிலுள்ள வன்கூட்டுத் தசைகள் ஏறத்தாழ 0.8 செக்கன் இடைவெளியில் சீராகச் சுருங்கி அதனை வெளித்தள்ளுகின்றன. இத்தசைகளையே சிறுநீரின் இறுதித் துளிகளை வெளியேற்றும்போது நாம் விரும்பிச் சுருக்குகின்றோம். ஒரே தசை ஒருபோது மனத்துக்கு ஏவலாளாகவும், மற்றொருபோது முண்ணாணுக்கு ஏவலாளாகவும் நிற்கின்றது. எலிகளில் நடாத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இச்செயலை ஒருங்கிணைக்கும் நரம்புக் கலக் கூட்டமொன்று நாரிப்பகுதி முண்ணாணில் இருப்பதை உறுதிப்படுத்தியது.

விறைப்பின் பொறிமுறையோ எமது சொற்களை முற்றாகத் தலைகீழாக்கிவிடுகின்றது. வீரியம், சக்தி, திடம் என்ற சொற்களைக் கேட்போர் அங்கே ஒரு தசை வலிந்து முறுக்கேறுவதாகவே எண்ணுவர். உண்மையில் நிகழ்வது தளர்ச்சி. குருதிக் கலன்களிலும் கடற்பஞ்சு போன்ற இழையத்திலுமுள்ள மழமழப்பான தசை, சாதாரண நிலையிற் சுருங்கியிருந்து குருதியைத் தடுத்து நிற்கின்றது. நரம்பு நுனிகளிலிருந்து நைத்திரிக்கு ஒட்சைட்டு வெளிப்பட, அத்தசை தளர்கின்றது. தளர்ந்த இடத்திற் குருதி நிறைகின்றது. குருதித்தொகுதியில் இவ்வாயு தூதுவனாகப் பணியாற்றுவதைக் கண்டறிந்தமைக்காகவே 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பேச்கொட், இக்நாரோ, முராட் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அச்சமும் பதற்றமும் பரிவு நரம்பைத் தூண்டித் தசையைச் சுருக்குவதால், 'சக்தி போதுமோ' என்று அஞ்சுபவனுக்கு அவ்வச்சமே தடையாகின்றது. மங்கலச் சொல் நோயைப் பெருக்கும் விந்தை இது.

இந்நிலையை 'ஆண்மைக்குறைவு' என வழங்குவதையும் கண்டிக்காதிருக்க முடியாது. ஆண்மை என்பது தமிழில் ஆளுந் தன்மை, வீரம், பெருந்தன்மை முதலிய பல பண்புகளைத் தழுவிய சொல். குருதிக் கலனிலும் நரம்பிலும் ஏற்படும் ஒரு குறையை அச்சொல்லாற் குறிப்பது நோயறிவிப்பன்று, தீர்ப்பு வழங்கல். ஆங்கிலத்தாரும் இவ்வாறே வலியின்மை என்னும் பொருள்தரும் சொல்லையே நெடுங்காலம் வழங்கினர். 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு அதனைக் கைவிட்டு, விறைப்புக் குறைபாடு எனப் பொருள்படும் தொடரைப் பரிந்துரைத்தது. நாமும் அவ்வாறு செய்வதற்குத் தடையேதுமில்லை.

'ஸ்கலிதம்' தந்த அச்சம்

உறக்கத்திற் சுக்கிலம் வெளியேறுவதற்கு எம்மிடை வழங்கும் பெயர் சொப்பன ஸ்கலிதம். ஸ்கலிதம் என்னும் வடசொல்லுக்கு வழுவுதல், இடறுதல், பிழைபடுதல் என்பன பொருள்கள். பெயரிடும்போதே பிழையென்று தீர்ப்பளித்தாயிற்று. இத்தீர்ப்புக்குப் பின்னணியாக மருத்துவக் கொள்கையொன்று உண்டு. உணவின் சாரம் செந்நீராகி, ஊனாகி, கொழுப்பாகி, என்பாகி, மச்சையாகி, இறுதியிற் சுக்கிலமாகின்றது என்பது ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் கொண்ட ஏழு தாதுக் கோட்பாடு. அக்கோட்பாடு தன் காலத்து உடலறிவை ஒழுங்குபடுத்த எழுந்த ஒரு முயற்சி. அதனை எள்ளி நகையாடுதல் வரலாற்று நோக்காகாது. ஆனால் ஆறு தாதுக்களின் வடிசாறு என்று கருதப்பட்ட பொருளைப் பற்றிய மொழி, இயல்பாகவே பொருளாதார மொழியாயிற்று. சேமித்தான், இழந்தான், வீணாக்கினான், விரயஞ் செய்தான் என உடலை ஒரு கணக்கேடாக அது மாற்றியது.

இதனைக் கீழைத்தேயத்தின் பேதைமை என்று கூறுவோர் ஐரோப்பிய வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். சுவிற்சர்லாந்து மருத்துவர் திசோ 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், விந்திழப்பு அதனிலும் பன்மடங்கு குருதியை இழப்பதனினும் கேடானதென்று ஐரோப்பா முழுவதையும் அச்சுறுத்தியது. 1836 முதல் லல்லமான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் விந்தொழுக்கு என்னும் நோயொன்றையே நிறுவி எழுதினார். ஆகவே இருமரபின் அச்சங்களும் ஒன்றையொன்று வலுப்படுத்தின என்பதே பொருந்தும். இன்னுங் கூறின், இவ்வுறுப்புகளுக்குச் செல்லும் முக்கிய நரம்புக்கு மேனாட்டார் இட்ட இலத்தீன் பெயரே வெட்கப்படத்தக்கது என்னும் பொருளினது. வெட்கம் தமிழர்க்கு மாத்திரம் உரிய சொத்தன்று.

அச்சத்தின் விளைவோ மெய்யானது. விந்திழப்பினால் உடல் நலிகின்றதென நம்பிக் களைப்பும் கவலையும் உற்று வரும் இளைஞரின் நிலைக்கு, இந்திய உளமருத்துவர் விக் 1960இல் தாது நோய்க்குறி எனப் பெயரிட்டார். இலங்கையிலும் இதனை ஆராய்ந்த மருத்துவக் கட்டுரையொன்று 1989இல் வெளிவந்தது. உடற்றொழிலியல் கூறுவதோ மிக எளியது. ஒருமுறை வெளியேறும் சுக்கிலம் பொதுவாக 2 முதல் 5 மில்லிலீற்றர். அதிற் பெரும்பகுதி சுக்கிலப் புடகமும் முன்னிற்குஞ் சுரப்பியும் சுரக்கும் பாயம். விந்துக் கலங்கள் பூப்புக்காலந் தொட்டு இடையறாது உருவாகின்றன. பயன்படாதவற்றை உடலே மீள உறிஞ்சிக்கொள்கின்றது. கனவு மிக்க உறக்கநிலை 1953இல் அசெரின்ஸ்கி, கிளீற்மன் ஆகியோராற் கண்டறியப்பட்டது. ஆரோக்கியமான ஆணுக்கு அந்நிலையிலே ஓரிரவிற் பலமுறை விறைப்பு ஏற்படுவதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. உறங்குபவன் எதனையும் வீணாக்குவதில்லை, இடறுவதுமில்லை. 'உறக்கத்திற் சுக்கிலம் வெளிப்படுதல்' என்று தன்வினையால் எழுதினால், அப்பழியின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

மெய்ப்பாடு கற்பிக்கும் பாடம்

மரபு முழுவதும் மறைத்தலே என்று முடிவுசெய்தல் தவறாகும். உள்ளத்து நிகழ்ச்சி உடலின்வழி தானே வெளிப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, நகை முதல் உவகை ஈறாக எட்டென வகுத்து, அதற்கென ஓரியலே அமைத்தவர் தொல்காப்பியர். மெய்சிலிர்த்தலும் வியர்த்தலும் கண்ணீர் வார்தலும் எமது கவிதையிலே இழிவாகக் கருதப்படவில்லை. அவை உள்ளத்துக்குச் சான்றாகவே போற்றப்பட்டன. மயிர் சிலிர்க்கும்போது நிகழ்வது யாது? மயிரடியிலுள்ள மிகச் சிறிய மழமழப்பான தசை பரிவு நரம்பின் ஏவலாற் சுருங்குகின்றது. குளிரிலே விதைப்பையின் தோலைச் சுருங்கச் செய்வதும் அதே வகைத் தசை, அதே வகை நரம்பு. உடலுக்கு இவ்விரண்டும் ஒரு வினை. ஒன்றைப் புளகம் என்று பாடிய மொழி மற்றதைப் பேசாது விட்டது. இவ்வேறுபாட்டை வகுத்தது உடலன்று, அவை. ஆகவே உடல் தானே பேசுவதைப் பழியின்றிக் கூறும் மரபு எமக்குப் புதிதன்று. அதனை விரிப்பதே வேண்டுவது.

தெறிவினையும் அறமும்

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். உடலின் வினைகள் தாமே நிகழ்வன என்று எழுதினால், ஆணின் ஒழுக்கக்கேட்டுக்கு அது சாட்டாகிவிடாதா என்பது அவ்வாதம். இதனைப் புறந்தள்ள முடியாது. ஆயினும் தெளிவான உரைநடையே இதற்கும் மருந்து. தெறிவினை என்பது தசையும் சுரப்பியும் குருதிக் கலனும் புரிவது. பிறிதொருவரை அணுகுவது, தொடுவது, வற்புறுத்துவது ஆகியன மனிதன் புரிவன. அவற்றில் எதுவும் தெறிவினையன்று. இரண்டுக்கும் தனித்தனி வினைமுற்றுகள் வழங்கும்போது, குற்றவாளி உடலின் பின்னே ஒளிந்துகொள்ள இடமிராது.

மறுபக்கமும் உண்டு. பாலியல் வன்முறைக்குள்ளான ஆணொருவனின் உடல், அச்சத்தின் நடுவிலும் தெறிவினையால் எதிர்வினை காட்டக்கூடும். அதனை அவன் தனது சம்மதமென்று கருதி, தன்னையே குற்றவாளியாக்கி வாழ்நாள் முழுதும் மௌனமாகின்றான். உடல் எழுந்தது, அவன் உடன்படவில்லை. இவ்விரு வாக்கியங்களும் ஒருசேர உண்மையாக இருக்கமுடியும் என்பதைத் தமிழில் எழுதிக் காட்டவேண்டிய கடமை எமக்குண்டு.

2009 வரை நீடித்த போர் முண்ணாண் சிதைந்த இளைஞர் பலரை எம்மிடை விட்டுச்சென்றுள்ளது. திருவெலும்புப் பகுதிக்கு மேலே முண்ணாண் பாதிக்கப்பட்டோரிற் பலருக்குத் தெறிவினை விறைப்பு எஞ்சியிருக்கும். மூளையிலிருந்து வரும் தடை அறுந்தாலும் கீழுள்ள வில் அறுவதில்லை. இத்தகையோரிடம் அதிர்வுத் தூண்டலாற் சுக்கிலம் பெறலாமென்பதைப் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் பிறின்ட்லி 1981இல் எழுதினார். தந்தையாகும் வாய்ப்பு தனக்கு இன்னும் உண்டோ என்பதைச் சக்கர நாற்காலியில் இருப்பவன் யாரிடம், எந்தச் சொல்லாற் கேட்பான்? அவனுடைய மனைவி எந்த நூலைத் திறந்து வாசிப்பாள்?

முடிவாக

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஆண் இனப்பெருக்கத் தெறிவினைகள் பற்றிய எமது உரைநடையின் தளர்ச்சிக்குக் காரணம் சொல்லின்மையன்று என்பது புலனாகும். செய்பவனில்லாத இடத்திற் செய்பவனைப் புகுத்தும் வாக்கிய அமைப்பு, விருப்பத்தையும் கட்டளையையும் வேறுபடுத்தாத கலைச்சொல், இழப்பென்றும் வழுவென்றும் தீர்ப்பளிக்கும் பெயர் ஆகிய மூன்றுமே அதற்குக் காரணங்கள். தன்வினையும் நான்காம் வேற்றுமையும் மெய்ப்பாட்டு மரபும் அவற்றைத் திருத்த எம்மிடமுள்ள கருவிகள். பெண்ணின் உடலைப் பற்றிய மௌனம் இதனிலும் ஆழமானது. அதனைப் பெண்களே எழுதுவார்களாயின் கூடிய பயன் விளையும்.

மருத்துவ பீடத்து நண்பர்களும் கலைப்பீடத்து நண்பர்களும் ஒரே மேசையிலிருந்து, பத்தாந் தர மாணவனுக்கு விளங்கத்தக்க இருபது பக்கச் சிறுநூலொன்றை எழுத முடியாதா? இச்சங்கமே அதனை மேற்கொள்ளலாம். ஆடம்பரமான மொழி அதற்கு வேண்டியதில்லை. நள்ளிரவில் வலியால் விழித்தெழும் சிறுவனொருவன் தயங்காது, "சேர், விதையிலை நோகுது" என்று சொல்லத்தக்க தமிழாக அது இருந்தாற் போதுமானது.